தலைவலிக்கு மாத்திரை போடுமுன்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பாலக்கோட்டில் தக்காளி விலை மறுபடியும் விழுந்துவிட்டது. அதைப் போனில் பேசிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது போனில் முடிகிற விஷயம் இல்லை. பாதியிலேயே நீ “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய்.

பசுமைக் குடிலில் மருந்து அடித்த நாளெல்லாம் சாயங்காலம் உனக்குத் தலைவலி, குமட்டல், பார்வையில் ஒரு மங்கல் என்று மருமகள் சொன்னாள். ஓசூர் தளி ரோட்டுக் கடை ஒன்றில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விடுகிறாயாம். ரோஜா வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை விடச் சொல்லவில்லை. அந்தத் தலைவலியை மாத்திரை போட்டு மூடாதே என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பொட்டலத்தை அவள் படம் எடுத்து அனுப்பினாள். காலண்டர் தாளில் மடித்தது. பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகு அளவில் இரண்டு. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கே, பார்த்த மாத்திரத்தில் அது எது என்று சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட பொட்டலத்தில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் இருக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரையும் இருக்கலாம். சில கடைகளில் சீக்கிரம் குணம் தெரியட்டும் என்று டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டையும் சேர்த்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். ஸ்டீராய்டு உடம்பை லேசாக்கும், பசியைக் கூட்டும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து.

பாராசிட்டமாலைச் சாதாரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. செட் மாத்திரையில் ஒன்று, சளிக்கு வாங்கும் மாத்திரைக்குள் ஒன்று, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை ஒன்று என்று தெரியாமலே சேர்ந்துகொண்டே போகும். அடி வாங்குவது கல்லீரல். டைக்ளோஃபெனாக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. பாலித்தீன் கூரைக்கு அடியில் வேர்த்து வடிந்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பில் அதைப் போட்டால் சிறுநீரகம் தாங்காது.

நம் மாவட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களிலிருந்து முட்டிவலி, இடுப்புவலி என்று வந்து நின்றவர்களை நீ சின்ன வயதில் என் மருந்தகத்து ஜன்னலில் பார்த்திருக்கிறாய். பல்லெல்லாம் பழுப்புக் கோடு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவர்கள் ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் அதற்கு மேல் இருந்தது. காய்ச்சினாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். அவர்களுக்கு யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. கடையில் வலி மாத்திரை கொடுத்தார்கள், வருடக் கணக்கில் விழுங்கினார்கள். எலும்பும் கெட்டது, வயிறும் சிறுநீரகமும் கெட்டன. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது அதற்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உன் அம்மாவைக் கேள். வலிக்குக் காரணம் வெளியே இருக்கும்போது உள்ளே மாத்திரையைப் போட்டுக்கொண்டே இருந்தால் காரணம் அப்படியே இருக்கும், உடம்புதான் போகும். உன் தலைவலியும் அந்த வகைதான் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

பூவை யாரும் சாப்பிடப் போவதில்லை என்பதால் ரோஜாவுக்குத் தாராளமாகவே அடிக்கிறார்கள். செம்பேன், இலைப்பேன், சாம்பல் நோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து. பிப்ரவரி 14க்கு முந்தைய மாதங்களில் கேட்கவே வேண்டாம். திறந்த வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். குடிலுக்குள் அது எங்கே போகும்? நீ கர்ச்சீப் கட்டிக்கொள்வதாகச் சொன்னாய். துணி ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். அதை விட முக்கியம், இந்த மருந்துகளில் பலவும் மூக்கை விடத் தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகின்றன. நனைந்த துணிக் கையுறை வெறுங்கையை விட மோசம், மருந்தைக் கையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். நைட்ரைல் ரப்பர் கையுறை கேட்டு வாங்கு. அடித்த பிறகு ஜன்னல் திரைகளைத் தூக்கிவிட்டு, லேபிளில் போட்டிருக்கும் நேரம் கழியும் வரை நீயும் போகாதே, பூப்பறிக்கும் பெண்களையும் அனுப்பாதே. மேற்பார்வையாளன் நீ, அவர்கள் உன் வார்த்தையை நம்பித்தான் உள்ளே நுழைகிறார்கள்.

டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப் பாதியின் நிறத்தைப் பார். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குபவை. ஆர்கனோபாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாலும் முடக்கம் சேர்ந்துகொண்டே போகும். பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பாராசிட்டமால் தலைவலியை அடக்கும், அந்த நொதியைத் திருப்பிக் கொடுக்காது. வலி இல்லை என்று நீ மறுநாள் மறுபடியும் உள்ளே போவாய். என் தூக்கம் கெடுவது அதனால்தான்.

யாருக்காவது எச்சில் ஒழுகினால், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கினால், வேர்த்துக் கொட்டினால், தசை துடித்தால், மூச்சு இரைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே. வெளியே தூக்கி வா, உடுப்பைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு, 108க்கு அழை. கழுவுகிறவர் கையிலும் கையுறை இருக்கட்டும். வாந்தி எடுக்க வைக்காதே. மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். மருந்து டப்பாவை லேபிளோடு கொண்டுபோ. இந்த நஞ்சுக்குக் கொடுக்கும் அட்ரோபின் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கக்கூடிய மருந்து, ஆனால் எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவரின் கை வேகமாக ஓடும்.

பாப்பாவை நினைத்துக்கொள். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாளாம். குளித்து உடை மாற்றிய பிறகு தூக்கு. அந்த உடுப்பைத் தனி வாளியில் துவைக்கச் சொல். மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்து வருவது உங்கள் பக்கத்தில் சகஜம் என்று கேள்விப்பட்டேன். நம் வீட்டு வாசற்படியை அது தாண்டவே கூடாது. குழந்தைக்குத் தெரியுமா அது என்னவென்று?

முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படாதே. மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. உனக்கு மட்டும் கேட்காமல், அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் சேர்த்துக் கேள்.

புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிடு. நான் காலை பஸ்ஸில் ஓசூர் வருகிறேன். மருத்துவரைப் பார்த்து, கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை எழுதிக் கேட்போம். அந்தக் காலண்டர் தாள் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் எடுத்து வை. நீங்கள் அடிக்கும் மருந்து டப்பாக்களின் லேபிளையும் படம் எடுத்து வை. இரண்டையும் அவரிடம் காட்ட வேண்டும். அதுவரை குடிலுக்குள் போகாதே.

அன்புடன்,
அப்பா