ஈடிபஸ் அறிந்தது செவிவழியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்க அவல நாடகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைக் கோத்தகிரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் உரக்கப் படித்து விவாதித்தோம். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி. அவருடைய 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில், அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்த தீப்ஸ் நகர அரசன் ஈடிபஸ், உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். ஆயினும், புறக்கண்ணை இழந்த ஈடிபஸ் அகக்கண்ணைப் பெற்றான் என்ற கட்டுரையின் முடிவு நாடகத்தின் நிகழ்ச்சி வரிசையோடு பொருந்தவில்லை.

இரு கண்களும் நன்றாக இருக்கும்போதே ஈடிபஸ் தன்னை அறிந்துவிடுகிறான். அந்த அறிவு வந்ததும் செவிவழியேதான்: முந்தைய அரசன் லேயஸ் கொல்லப்பட்டது மூன்று பாதைகள் கூடும் இடத்தில் என்று அவன் மனைவி ஜொகாஸ்டா போகிறபோக்கில் சொன்னது, கொரிந்திலிருந்து வந்த தூதன் சொன்னது, இறுதியில் கிழ இடையன் சொன்னது. சொல்லக் கூடாததைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று இடையன் பதறும்போது, நானும் கேட்கக் கூடாததைக் கேட்கும் நிலையில்தான் இருக்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் அரசன். நாடகத்தின் உச்சம் இந்த இடமே என்பது என் உறுதியான எண்ணம். ஜொகாஸ்டாவின் ஆடையிலிருந்த பொன் ஊசிகளால் அவன் தன் கண்களைக் குத்திக்கொள்வது இதற்குப் பின்னர்தான்.

அதற்கு அவனே காரணமும் கூறுகிறான். இறந்தோர் உலகில் தந்தையையும் தாயையும் எந்தக் கண்கொண்டு பார்ப்பேன் என்கிறான். செவியையும் அடைக்க வழி இருந்திருந்தால் அதையும் அடைத்திருப்பேன் என்கிறான். ஞானத்தை நாடியவனின் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை. அறிந்ததைத் தாங்க மாட்டாதவனின் பேச்சாகவே தோன்றுகிறது. தெய்வத் தண்டனை என்றும் இதைக் கொள்ள முடியாது. துன்பங்களைத் தந்தவன் அப்போலோ, ஆனால் கண்ணைக் குத்திய கை என்னுடையதே என்று கோரஸிடம் (நாடகத்தின் பாடற்குழுவிடம்) அவன் தெளிவாகச் சொல்லிவிடுகிறான். லேயஸ்தான் தன் தந்தை என்று அறியுமுன், லேயஸைக் கொன்றவன் எவனாயினும் அவனைச் சபித்த அரசன், அந்தச் சாபத்தைத் தன்மேலேயே ஏற்றுக்கொள்கிறான்.

நமக்கு இங்கே பாண்டியன் நெடுஞ்செழியன் நினைவுக்கு வருவது இயல்பே. அவன் தெறித்த மாணிக்கப் பரலைக் கண்ணால் கண்டு 'யானோ அரசன் யானே கள்வன்' என்றான். ஈடிபஸோ காதால் கேட்டு அறிந்தான். தீர்ப்பை மட்டும் இருவரும் பிறரிடம் விடவில்லை.

எங்கள் வட்டத்தில் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பார்வையின்மையை ஒன்று தண்டனையாக, இல்லையேல் ஞானத்தின் அடையாளமாக மட்டுமே எழுதுவது ஏன் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. டைரீசியஸ் பார்வையற்ற தீர்க்கதரிசிதான். ஆனால் அவர் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லியும் ஈடிபஸ் அதை ஏற்கவில்லை, தானே விசாரித்த பிறகே அறிந்தான். சோஃபக்ளீஸின் மறைவுக்குப் பின் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்திலும், பல்லாண்டுகள் பார்வையின்றி அலைந்த அம்முதியவரின் சினம் தணியவில்லை; பெற்ற மகனையே சபிக்கிறார். அந்த நாடகத்தைப் பற்றியும் விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.