குடத்தைப் பார்த்தவர் குழாயைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குடிநீர்க் கட்டுரையில், குழாயடியில் பெண்கள் கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொண்டாலே பாதிப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று ஒரு வரி இருந்தது. இருபத்தைந்து வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். முதலில் வருவது கலங்கலும் சாக்கடை வாடையுமாக இருக்கும், இரண்டு குடம் கீழே கொட்டிய பிறகுதான் பிடிக்கவே முடியும். அந்த இரண்டு குடம்தான் உங்கள் கட்டுரையாளர் கண்ணில் பட்டது போலிருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய் வெறுமையாகி, ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா?

சரி, பெரிய ஓட்டை எங்கே என்றால் என் வீட்டு முகப்புக்கு நேரேதான். தொட்டியிலிருந்து வரும் பெரிய லைனில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வு பொங்கலுக்கு முன்பிருந்து ஒழுகுகிறது, ராத்திரி பகல் நிற்பதில்லை. ரோட்டோரம் கசிந்து வாய்க்காலில் விழும் இடத்தில் ஒரு தகரத்தை வளைத்துச் செருகி, பதினைந்து லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 4,320 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கம் வைத்த கணக்கு, அப்படிப் பார்த்தால் 32 பேருடைய தண்ணீர். வாளிக்கு வந்தது மட்டும்தான் இது, மண் குடித்தது சேரவில்லை.

வந்து பார்த்த குழாய் பிட்டர் தம்பி, "ஆச்சி, வால்வு கிளாண்டுல, தண்டைச் சுத்தி ஒழுகாம அடைக்கிற கயிறு மக்கிப்போச்சு, புதுசு சுத்தினா அரை மணி நேர வேலை. ஆனா வால்வுக் குழி மூடி மேல ரோடு போட்டுட்டாங்களே" என்றார். ரோட்டை வெட்ட அனுமதி வேண்டுமாம். மூன்று மனு கொடுத்துவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. குழாயில் வீணாவதும் கணக்கில் வராமல் போவதும் நூற்றுக்கு 20-க்குள் இருக்க வேண்டும் என்று மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-லேயே அளவுகோல் வைத்தது. எங்கள் ஊரில் அது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? தொட்டிக்கும் மீட்டர் இல்லை, வீட்டுக்கும் மீட்டர் இல்லை.

எங்கள் அப்பத்தா மழை நாளில் முற்றத்து ஓட்டுச் சரிவிலிருந்து விழும் தண்ணீரைப் பித்தளை அண்டாக்களில் பிடித்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவைப்பார். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியாது, ஊரே திட்டும். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள், எங்களுக்கா பொறுப்பில்லை? அந்த ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக் கால்வாயை இப்போது மனை போட்டு அடைத்துவிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு இதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை, அந்த மாதம் செட்டிநாட்டுச் சமையல் சிறப்பிதழ்தான் வந்தது. எங்கள் கோழிக் குழம்பைப் பற்றி எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கமிருந்து கரண்டுச் செலவு பண்ணி இத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் என் வாசலில் வந்து வாய்க்காலில் விழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே குடத்தோடு நிற்கிற எங்களைத்தான் அந்த வரி குற்றம் சொன்னது.

நான் கேட்பது இவ்வளவுதான். ரோடு போடும்போது வால்வுக் குழியை உயர்த்திக் கட்டி, மூடி மேலே தெரியும்படி விட்டுவிட்டுப் போடச் சொல்லி உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள். கட்டுரை எழுதியவரை ஒரு நாள் விடிகாலை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள், வாளியும் தகரமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி வட்டாரம்