குட்டியோடு சேர்த்து நீங்கள் கொடுத்தனுப்பும் அந்த ஒரு வாக்கியம்

தென் மாவட்டங்களில் நாட்டு நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவரிடம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினேன். அவர் யார், எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனிதர், குட்டியை என் கையில் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அட்டைப்பெட்டியில் பழைய லுங்கியை மடித்துப் போட்டு, குட்டியைப் படுக்கவைத்து, வண்டிவரை வந்து வழியனுப்பினார். புறப்படும்போது, “இதற்கு என்ன கொடுக்க வேண்டும்?” என்று கேட்டேன். “பாலும் பிஸ்கட்டும் போதும் சார், போகப்போக நீங்கள் சாப்பிடுவதையே கொடுத்துப் பழக்கிவிடுங்கள்” என்றார்.

அவ்வளவுதான். நாய் வளர்த்துப் பழக்கமில்லாத ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மொத்தப் பாடமும் அந்த ஒரு வாக்கியம்தான். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அன்றிரவு பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, நான்கு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு வைத்தேன். குட்டி கிண்ணத்துக்குள் முன்னங்காலையே வைத்து நின்று ஒரு சொட்டு விடாமல் குடித்தது. வயிறு உருண்டு நின்றதைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. விடியற்காலையில் கழிச்சல் தொடங்கியது. பாவம், பசிக்கிறதோ என்று மறுபடியும் பாலையே கொடுத்தோம். மறுநாள் மாலை தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. மருத்துவர் அதன் பிடரித் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். விட்ட தோல் பழையபடி படியவில்லை. மடித்த துணியைப் போல அப்படியே நின்றது. உதட்டை விலக்கிக் காட்டினார், ஈறு வெளுத்துப் பசைபோல ஒட்டியது. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். குட்டிகளுக்குக் கடும் கழிச்சலைக் கொண்டுவரும் ‘பார்வோ’ வைரஸுக்கான சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு ஐந்து வாரம் இருந்தாலே அதிகம் என்றார் மருத்துவர். எனக்குச் சொல்லப்பட்ட வயது 50 நாள்.

பாலில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் கூடுதல். தாயிடம் குடிக்கும் வரையில் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டியின் குடலில் இருக்கிறது. பால் மறக்க மறக்க அதுவும் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி நீரை இழுக்க, கழிச்சலாகிறது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு நீர் இருந்துவிடப் போகிறது? சில குட்டிகளுக்குப் பால் ஒத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் ஒத்துக்கொள்ளாத குட்டி எது என்று கழிச்சல் வந்த பிறகுதான் தெரிகிறது. பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மைதா, சர்க்கரை, எண்ணெய். வளரும் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது அதில் கிடையாது.

இதை ஒரு முறை நேரில் சொன்னபோது உங்களில் மூத்தவர் ஒருவர், “எங்கள் அப்பா காலத்தில் கம்பங்கூழைக் குடித்துத்தான் முயல் பிடித்தன” என்றார். அவர் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நாய்கள் குடித்தது கூழ் மட்டும்தானா? காட்டில் எலியும் ஓணானும் தின்றன, வேட்டையில் பங்கு கிடைத்தது, எலும்பைக் கடித்தன. தாய் தானாக விலக்கும்வரை குட்டிகள் அதன் மடியில் கிடந்தன. கூழ் அவற்றின் உணவில் ஒரு பகுதிதான். இன்று நீங்கள் விற்கும் குட்டி மூன்றாவது மாடி வீட்டுக்குப் போகிறது. அங்கே கிண்ணத்தில் விழுவதைத் தவிர அதற்கு வேறு உணவே இல்லை.

எங்கள் இரண்டாவது தவறு இங்கேதான் நடந்தது. பாலை நிறுத்தியதும், புரதம் வேண்டும் என்று எலும்பில்லாத கோழிக்கறியும் சோறுமாகவே போட்டோம். பளபளவென்று வளர்ந்தது. நான்காம் மாதத்தில் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தன. வாசற்படி ஏறத் தயங்கி நின்று என் முகத்தைப் பார்த்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நிழல்போல மங்கலாகத் தெரிந்தது. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. சரி, கடையில் விற்கும் கால்சியம் டானிக்கை ஊற்றிவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. குட்டிப் பருவத்தில், மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிடக் குடலுக்குத் தெரியாது. ராஜபாளையம் போன்ற பெரிய உருவக் குட்டிகளுக்கு அந்த மிச்சமே எலும்பைக் கெடுக்கும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் குட்டிக்குக் கால்கள் பெரும்பாலும் நேராகிவிட்டன. இடது முன்னங்கால் மட்டும் இன்றும் சற்று வெளியே திரும்பியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். எட்டு வாரம் முடியாத குட்டியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளும் அதற்கு முன் விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. வாங்குகிறவர் அவசரப்படுத்துவார், முன்பணம் நீட்டுவார்; தீனிச் செலவும் உங்களுக்குக் கூடும், அது எனக்குத் தெரியும். அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள், கொடுக்கிறோம்.

குட்டி உங்களிடம் கடைசியாக எதைத் தின்று பழகியதோ, அதில் ஒரு வாரத்துக்கானதைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். உணவைத் திடீரென்று மாற்றினாலே வயிறு கெடும். பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும். பூச்சி மருந்து கொடுத்த தேதிகளை எழுதிக் கொடுங்கள். தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குப் புழு வந்துவிடுகிறது. நாங்களோ அந்த உப்பிய வயிற்றைப் பார்த்து, கொழுகொழுவென்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வாக்கியத்தையும் மாற்றிச் சொல்லுங்கள். நான்கு மாதம்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனியானால் வெந்நீரில் ஊறவைத்து ஆறவைத்துக் கொடுக்கலாம். வீட்டுச் சமையலானால் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கறி அல்லது முட்டை, சோறு அல்லது கேழ்வரகுக் களி, கொஞ்சம் பூசணி அல்லது கேரட், மருத்துவர் சொன்ன அளவில் கால்சியம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதுவும் கூடவே கூடாது. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு என்பதையும் சொல்லிவிடுங்கள். நகரத்துக்காரர்கள் அதைப் பட்டினி என்று நினைத்து அள்ளி அள்ளிப் போடுகிறோம்.

இவ்வளவையும் வண்டியருகே நின்று சொல்ல முடியாது என்பது உண்மை. அதனால் எங்கள் குட்டியைக் காப்பாற்றிய மருத்துவரிடம் காட்டித் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே குட்டி பிறந்த தேதிக்கும் பூச்சி மருந்துத் தேதிகளுக்கும் இடம் விட்டிருக்கிறது. அடுத்த முறை உங்கள் நாய் குட்டி போட்டதும் எத்தனை குட்டி என்று சொல்லியனுப்புங்கள். அத்தனை நகல் என் செலவில் எடுத்து, நானே கொண்டுவந்து தருகிறேன்.