கணினிக்காரருக்குப் பாசம் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில், கணினியே கதி என்று கிடக்கும் மாப்பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மென்பொருள் துறையினருக்குப் பேச வராது, மனைவியின் முகக்குறிப்பு புரியாது என்று பொத்தாம்பொதுவாகத் தீர்ப்பு எழுதியிருப்பது ஏற்கத்தக்கதன்று. சுபாவம் என்று கட்டுரையாளர் சுட்டுவதில் பெரும்பகுதி வேலை நேரத்தின் விளைவே. நியூயார்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் கூட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30 மணி, வீட்டில் தோசை வார்க்கும் நேரத்தில் காதில் ஹெட்போனுடன் அமர்ந்திருப்பவரைப் பாசமற்றவர் என்று முடிவுகட்டுவது எளிது.

என் கணவர் 14 ஆண்டுகளாக இத்துறையில் இருப்பவர்; கல்யாண வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார் (அந்த அளவில் கட்டுரை சொல்வது சரிதான்). ஆனால், என் தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, எந்தச் சொட்டு மருந்தை எத்தனை மணிக்கு விடவேண்டும் என்று பெரிய எழுத்தில் அட்டவணை அச்சிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதோடு, அலுவலகக் கூட்டத்தின் நடுவிலும் எழுந்துவந்து மருந்து விட்டவர் அவர்தான். தங்கள் நாளிதழின் மணமகன் தேவை விளம்பரப் படிவத்தில், ஊதியத்துக்கு இடம் இருப்பதுபோல் வேலை நேரத்தைக் குறிப்பிடவும் ஒரு வரி ஒதுக்கலாம்.

ஒரு வாசகி,
தாம்பரம்.