அழுதவர்களில் நானும் ஒருவன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமாப் பக்கத்தில், 2017-இல் வந்த ‘லோகன்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. “கையில் கத்தி முளைத்த மனிதனுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் வாழ்க்கையில் நிஜமான கஷ்டம் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.” நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவன். வயது 63. கூட்டுறவு வங்கியில் 31 வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கஷ்டம் உண்டா இல்லையா என்று தங்கள் விமர்சகர் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். அவருக்கு நேரம் இருந்திருக்காது. சரி.

தாங்கள் படம் பார்த்திருப்பீர்கள், கதை சொல்லத் தேவையில்லை. பார்த்திராவிட்டாலும் கவலையில்லை, முடிவு என்ன என்பதைத்தான் தங்கள் பத்திரிகை எந்தப் படத்துக்கும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுமே. அதைக் கண்டித்து இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று பிரசுரமானது, அதில் நான் பாராட்டியிருந்த பாதி மட்டும்.

எனக்கு இந்த சூப்பர் ஹீரோ வகைப் படங்களே பிடிக்காது. என் தங்கை மகன் லீவுக்கு வந்தபோது, “மாமா, இது ஒண்ணு மட்டும் பாருங்க” என்று லேப்டாப்பை மடியில் வைத்துவிட்டுப் போனான். முதல் ஐந்து நிமிடத்தில் தெறித்த ரத்தத்துக்கே மூடிவைக்கப் பார்த்தேன். நாயகன் லோகனின் கையிலிருந்து வர வேண்டிய கத்தி நகங்களில் ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அது ஏனோ என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கதை நடக்கும் 2029-இல் இந்த ஆள் வாடகைக்கு லிமோசின் கார் ஓட்டுகிறான். படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. எந்த உலோகத்தால் வீரன் ஆனானோ அதுவே உடம்புக்குள் விஷமாகிக்கொண்டிருக்கிறது. நடிகர் ஹ்யூ ஜாக்மன் 2000-இல் ‘எக்ஸ்-மென்’ படத்தில் முதலில் போட்ட வேஷம் இது. பதினேழு வருடம் கழித்து அதே முகம் தளர்ந்து வந்து நிற்கும்போது அதற்குத் தனியாக மேக்கப் வேண்டாம். தங்கை மகன் அந்த முகத்தோடு வளர்ந்தவன். நான் அன்றுதான் பார்த்தேன், ஆனாலும் தெரிந்த முகமாக இருந்தது.

எல்லையைத் தாண்டி மெக்ஸிகோவில், கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் அவன் ஒரு கிழவரை ஒளித்து வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் நடத்திய பேராசிரியர். உலகத்திலேயே வலிமையான மூளை. இப்போது அந்த மூளைக்கு நோய். மருந்து தவறினால் வலிப்பு வருகிறது, சுற்றியுள்ள அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோகிறார்கள். நான் சாவதற்காகத்தான் காத்திருக்கிறாய் என்று அந்தக் கிழவர் அவனிடம் சொல்கிறார். அவன் சமாதானம் சொல்வதில்லை. மாத்திரையைத் திணிக்கிறான், திட்டுகிறான், தூக்குகிறான்.

என் அப்பா கணக்கு வாத்தியார். மனக்கணக்கில் அவரை ஜெயித்த ஆள் எங்கள் ஊரில் இல்லை. கடைசி நான்கு வருடம் ஞாபகமறதி நோய். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று சைக்கிள் சாவி கேட்பார். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புவார். வேட்டி மாற்றும்போது ஒரு நாள் என்னிடம், “தம்பி, உங்களுக்கு யார் சம்பளம் குடுக்கறாங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா எங்கே என்று முதல் தடவை கேட்டபோது, போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் செத்தது போல அழுதார். அதற்கப்புறம் நான்கு வருடமும் அம்மா கடைக்குத்தான் போயிருந்தாள். படத்தில் லோகனும் ஒன்றை மறைக்கிறான். பழைய வலிப்பு ஒன்றில் அந்தக் கிழவர் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்தவர்களையே கொன்றிருக்கிறார், அது அவருக்கு ஞாபகமில்லை. ஏச்சும் பேச்சுமாக இருக்கிறவன் அதை மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை.

இந்த இடத்தில் தங்கள் ‘முதியோர் சிறப்பிதழ்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்து பிரயோஜனமில்லை. அட்டையில் முழுப் பல்வரிசையோடு சிரிக்கும் தாத்தா பாட்டி. உள்ளே பத்து யோசனைகள். முதலாவது, பொறுமை. நான்காவது, பழைய பாடல்களைப் போட்டுக் காட்டுங்கள். போட்டேன். ரேடியோவைத் தூக்கி எறிந்தார், சுவரில் காரை பெயர்ந்தது. ‘இன்முகத்தோடு பணிவிடை செய்யும்’ மகள்கள் நாலு பேரின் பேட்டியும் இருந்தது. இன்முகமில்லாமல் செய்தவன் ஒருவனையாவது தேடிப் பிடித்திருக்கலாம். ஊருக்கு நூறு பேர் இருக்கிறோம்.

எதிர்நாயகன் என்று தங்கள் விமர்சகர் எழுதுகிறார், ஏதோ வில்லனுக்குத் தம்பி முறை என்பதுபோல. என் கணக்கில் அவன் சிடுசிடுத்துக்கொண்டே கூட இருக்கிறவன். லோகன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி நாலு நல்ல வார்த்தை பேசியிருந்தால் நான் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அப்புறம் அந்தப் பண்ணை வீடு. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சாப்பாடு போடுகிறது, கிழவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாகப் படுக்கிறார். மறைத்துவைத்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் வருகிறது. அறைக்குள் லோகன் நிற்கிறான் என்று நினைத்து மனம்விட்டுப் பேசுகிறார். நிற்பது லோகன் இல்லை, லோகனைப் போலவே செய்யப்பட்ட இன்னொருவன். அவன் குத்திவிடுகிறான். நிஜமான லோகன் ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு, நான் இல்லை, அது நான் இல்லை என்கிறான். கிழவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை.

ஐயா, ஒரு ராத்திரி, நாலாவது தடவை சைக்கிள் சாவி கேட்டபோது, நான் அப்பாவைக் கட்டிலில் தள்ளி உட்காரவைத்துக் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் அவர் முகத்துக்கு முன்னால் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார், வகுப்பில் அவரிடம் அடி வாங்கும் பையன்கள் வைத்துக்கொள்வார்களே, அப்படி. மறுநாள் அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. அன்றைக்குக் கை ஓங்கியவனுக்கும் என் முகம்தான். அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு எதிரில் ஆள் இல்லை. படத்தை அங்கே நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தது கிழவரைப் புதைக்கும் காட்சி. லோகன் ஏதோ பேச வாயெடுக்கிறான். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு மேல் வரவில்லை. போய் வண்டியைக் கிளப்பினால் கிளம்பவில்லை, மண்வெட்டியால் அந்த வண்டியைப் போட்டு அடிக்கிறான். அப்பாவைக் கொண்டுபோன அன்று, அமரர் ஊர்தி டிரைவர் பேசியதற்கு மேல் 200 ரூபாய் கேட்டார் என்று சுடுகாட்டு வாசலில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன். அப்பன் செத்த அன்றைக்கும் காசுக்கு அலைகிறான் என்று இன்றுவரை சொந்தத்தில் பேச்சு. காசாளன்தானே! அந்த மண்வெட்டியைப் பார்த்த பிறகுதான் அந்த 200 ரூபாய் எதற்கென்று எனக்கே விளங்கியது.

கடைசியில், லோகன் கூடவே கூட்டிவந்த சின்னப் பெண் லாரா, அவன் கல்லறைச் சிலுவையைப் பிடுங்கிச் சாய்த்து, எக்ஸ்-மென் கூட்டத்தின் அடையாளமான எக்ஸ் எழுத்தாக நட்டு வைப்பதில்தான் எல்லோரும் அழுவார்களாம். தங்கை மகன் சொன்னான். நல்ல காட்சிதான். நான் மண்வெட்டியிலேயே நின்றுவிட்டேன்.

அந்தக் குறிப்பில் இன்னொரு பிழையும் உண்டு. படம் ‘கிராபிக்ஸ் வேலைக்காக’ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதாக இருக்கிறது. இல்லை. 2018 விழாவில் அதற்குக் கிடைத்த ஒரே பரிந்துரை தழுவல் திரைக்கதைக்கு. எழுதியவர்கள் ஸ்காட் ஃபிராங்க், இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட், மைக்கேல் கிரீன். கத்திக்காக அல்ல, எழுத்துக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல, அச்சுக்குப் போகும்முன் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இதழில் இதற்கு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். கஷ்டம் பார்க்காதவர்கள் என்ற வரிக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறீர்கள்.

கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால் முழுவதுமாகப் பிரசுரிக்கவும். சுருக்குவதாக இருந்தால் வேண்டாம். என் பெயரைப் போட வேண்டாம், தங்கையும் தங்கள் பத்திரிகை படிப்பவள், கை ஓங்கியது அவளுக்குத் தெரியாது.

சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவமும் காசோலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். போன வருடம் போல ரசீது அனுப்ப மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
26 வருட வாசகன்,
திருச்சி.