அரண்மனை சரி, டிக்கெட்டில் முத்திரை குத்தினீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜெர்மனிப் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நோய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையைப் பற்றி எழுதியவர் மலை, மேகம், ஏரி என்று ஒன்றையும் விடவில்லை. அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பதை மட்டும் விட்டுவிட்டார். பிள்ளைகள் வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வரும் என் போன்ற அம்மா, அப்பாக்களுக்கு வேண்டிய விவரங்கள் வேறு.

மியூனிக்கில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவும் கிடையாது, டிக்கெட் கேட்க ஆளும் கிடையாது. நேரே போய் ஏறிவிடலாம். வினையே அதில்தான். இயந்திரத்தில் எடுத்த டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. நடைமேடைக்குப் போகும் வழியில் நிற்கும் சின்ன நீலப் பெட்டிக்குள் அதை நுழைத்துத் தேதியும் நேரமும் குத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரம், எதிரே சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த இருவர் ரயில் கிளம்பியதும் எழுந்து அடையாள அட்டையைக் காட்டினார்கள். நானும் பெருமையாகத்தான் டிக்கெட்டை நீட்டினேன். ஆளுக்கு 60 யூரோ அபராதம், எனக்கும் என் வீட்டுக்காரருக்குமாக 120. ஊருக்குப் புதுசு என்று சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை. தப்பு எங்களுடையதுதான், ஆனால் யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? டிக்கெட்டில் 'என்ட்வேர்ட்டன்' என்ற சொல் இருந்தால் குத்தியாக வேண்டும். செல்போனில் வாங்கும் டிக்கெட்டுக்கு இது வேண்டாம், ஆனால் வண்டி ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் சொன்ன அரண்மனைக்கு 'பாயர்ன் டிக்கெட்' எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து பவேரியா மாநிலம் முழுக்க நாள் பூராவும் சுற்றலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. மியூனிக்கிலிருந்து ஃபூசன் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ். அடிவாரத்திலிருந்து அரை மணிக்கு மேல் ஏற்றம். மூட்டு வலிக்காரர்களுக்குக் குதிரை வண்டி உண்டு, அதுவும் வாசல் வரை போகாது. உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அரண்மனை நுழைவு டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தவறவிட்டால் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போட்டோவுக்கு அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையம், விமான நிலையம், பெட்ரோல் பங்க் இவற்றில் இருக்கும் கடைகளும், சில மணி நேரம் ரொட்டிக் கடையும்தான் கதி. ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். 1919-ல் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிட வேண்டும். சத்தமும் கூடாது. "அத்தை, இன்னைக்கு மிக்ஸி வேண்டாம், கீழ் வீட்டுல கதவைத் தட்டிடுவாங்க" என்று மாப்பிள்ளை சொன்னதால் அன்று சட்னி இல்லாமல் தோசை தின்றோம்.

தண்ணீர் பாட்டில் வாங்கினால் 'ஸ்டில்' என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் சோடாதான் வரும். குழாய்த் தண்ணீரே நன்றாகக் குடிக்கலாம். காலி பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில் போடும் இடத்தில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரருக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

இனி பெட்டி கட்டும் விஷயம். கறிவேப்பிலை கொண்டு போகக் கூடாது. செடி, இலை, பழம், காய் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மாம்பழத்துக்கும் அதே கதிதான். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. நெய், பால் பொருள்கள், இறைச்சி இவற்றுக்கும் தடை. நெய் ஜாடியைச் சுங்கத்தில் பிடுங்கினால் அழுவது நாம்தான்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மருந்தின் பெயர்) எழுதி வாங்கி எடுத்துப் போங்கள். காய்ச்சல் மாத்திரைகூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. சிவப்பு 'ஏ' எழுத்து போட்ட மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டின் காகிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சம்பந்தி அம்மா வருகிற மே மாதம் போகிறார். அதற்குள் இதைப் பிரசுரித்தால் நல்லது. கறிவேப்பிலை வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார், பத்திரிகையில் வந்தால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்