டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு, சீசன் தொடங்கும் முன்

ரெட்மண்ட்,
மார்ச் 2026

அன்புள்ள பாப்பா,

இந்த வருஷம் நம் சியாட்டில் பேஸ்பால் அணி மாரினர்ஸின் ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்கமாட்டேன் என்று போனில் சொன்னாய். அப்பா, "அவ சும்மா சொல்றா" என்று விட்டுவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நீ "அம்மா, ரசப்பொடி அனுப்பினீங்களா?" என்று வேறு எங்கோ போய்விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. அப்புறம் முடிவு செய்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பேசி முடித்துவிடுவோம். போன அக்டோபர் 20, டொராண்டோ ப்ளூ ஜேஸோடு லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம், உங்கள் ஊர் ரோஜர்ஸ் சென்டர் மைதானம். நம் ஹூலியோ டபிள் அடித்து ஆரம்பித்தான். மூன்றாவது இன்னிங்ஸில் அவனே ஒரு ஹோம் ரன். ஐந்தாவதில் கேல் ராலி ஒன்று. 3-1 என்று நாம் முன்னால் இருந்தோம். ஏழாவதில் ஒரு அவுட் விழுந்திருந்தது, பேஸில் இரண்டு பேர். அவர்களுடைய ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரனில் 4-3 என்று அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அதற்கு மேல் நாம் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அந்த அடிக்குப் பதிலாக இன்னும் எட்டே எட்டு அவுட் எடுத்திருந்தால் வேர்ல்ட் சீரிஸ், கோப்பைக்கான இறுதிப் போட்டி. 1977-ல் தொடங்கிய அணி, இன்றுவரை வேர்ல்ட் சீரிஸில் கால் வைக்காத ஒரே அணி, அவ்வளவு பக்கத்தில் போய் நின்றது.

அந்த இடத்தில் வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸில் பந்து போடும் முன்யோஸை ஏன் இறக்கவில்லை என்று குளிர்காலம் முழுக்க இங்கே பேசிப் பேசி மாய்ந்தார்கள். என்னைக் கேட்டால் முன்யோஸைத்தான் இறக்கியிருக்க வேண்டும். சீசனையே முடித்துவிடக்கூடிய ஒரு பந்து வரும்போது, இருப்பதிலேயே நல்ல பிட்சர் மவுண்டில் நிற்க வேண்டும், அது ஏழாவது இன்னிங்ஸாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தப் பந்தைப் போட்ட பசார்டோ மேல் பழி போடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வருஷம் முழுக்கக் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து போட்டவன் அவன்.

உனக்கு வலிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில், வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் நான் வீட்டில் இருந்த காலத்தில், எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது ரேடியோ. வர்ணனையாளர் டேவ் நீஹவுஸின் குரலைக் கேட்டுத்தான் பால் எது, ஸ்ட்ரைக் எது, பன்ட் எது என்று பிடிபட்டது. ஒரு ஹோம் ரன் பறக்கும்போது அவர் "மை ஓ மை" என்பார், சமையலறையில் என் கை தானாக நின்றுவிடும். 2001-ல் இச்சிரோ வந்த முதல் வருஷம், 116 ஆட்டம் ஜெயித்தோம். அந்த வருஷமும் யாங்கீஸிடம் தோற்று, வேர்ல்ட் சீரிஸ் வாசலோடு திரும்பினோம். அப்புறம் 2022 வரைக்கும் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று, பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. உன் பள்ளிக்கூடக் காலம், கல்லூரிக் காலம் எல்லாம் அதிலேயே கழிந்தது. ஃபீலிக்ஸ் எர்னாண்டெஸ் பந்து போடும் நாளில் இடது ஃபீல்டு மூலையில் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து, அவன் இரண்டு ஸ்ட்ரைக் எடுத்ததும் எல்லோரோடும் சேர்ந்து அந்த மஞ்சள் 'கே' அட்டையை, ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் எழுத்து, ஆட்டுவாய். அட்டை இன்னும் உன் அலமாரியில் இருக்கிறது, ஓரம் நைந்து போய். 2012-ல் பெர்ஃபெக்ட் கேம் போட்டவன், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமலே போய்விட்டான். அந்தக் காலத்திலேயே நீ விடவில்லையே பாப்பா. அப்போது நம்ப ஒரு காரணமும் இல்லை, இருந்தும் நம்பினோம். இந்த வருஷம் காரணம் கொட்டிக் கிடக்கிறது. இப்போது போய் விடுவாயா?

காரணத்தைச் சொல்கிறேன். போன வருஷம் 90 ஆட்டம் ஜெயித்தோம், 2001-க்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் டிவிஷனில் முதலிடமும் எடுத்தோம். ஆனால் அந்த 90-ல் நம் பிட்சர்கள் எவ்வளவு பேர் உடம்புக்கு முடியாமல் இருந்தார்கள் என்று யோசித்துப் பார். கர்பிக்குத் தோள். கில்பர்ட்டுக்கு முழங்கைப் பக்கம். பிரைஸ் மில்லர் வருஷத்தில் பாதி எலும்பு வலியோடு போராடினான். முதல் 25 ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸுக்குக் குறையாமல் போட்ட பிரையன் வூ, கடைசியில் அவனும் நெஞ்சுத் தசை பிடித்துக்கொண்டு, டொராண்டோ சீரிஸில் பாதியில்தான் திரும்பி வந்தான். கஸ்டியோவையும் சேர்த்து இந்த ஐந்து பேர் ஒன்றாக நன்றாக இருந்த நாட்கள் மிகக் குறைவு. அப்படி இருந்தும் 90. ஐந்து பேரும் முழு உடம்போடு ஒரு வருஷம் போட்டால் இந்த லீகில் இவர்களை யார் தாங்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நம் மைதானமும் அவர்களுக்குத் தோதானது. ஏப்ரல் குளிரில் கடல் காற்றில் நன்றாக அடிபட்ட பந்துகூட வேலிக்கு முன்னாலேயே இறங்கிவிடும்.

அடுத்தது நெய்லர். அவனை விட்டுவிடுவார்களோ என்றுதான் நவம்பரில் எனக்குப் பயம். சீசன் முடிந்த கையோடு ஐந்து வருஷத்துக்கு 9.25 கோடி டாலர் கொடுத்துப் பிடித்து வைத்துவிட்டார்கள். மற்ற யாரையும் பிடிக்கும் முன் அவனைப் பிடித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் பேஸில் நிற்கும் கனத்த உடம்புக்காரன், லீகிலேயே மெதுவாக ஓடுகிறவர்களில் ஒருவன். ஆனாலும் போன வருஷம் 30 பேஸ் திருடினான். பிட்சரின் தோள் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே, ஓர் அடி, இன்னும் அரை அடி என்று நகர்ந்து நகர்ந்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கிளம்பிவிடுவான். அவன் உங்கள் பக்கத்து மிஸிசாகா பையன் என்பதை மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்.

போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொலாங்கோ மெட்ஸுக்குப் போய்விட்டான். டெட்ராய்ட்டோடு அந்த 15 இன்னிங்ஸ் ஆட்டத்தை முடித்து வைத்தவன். உங்கள் ஊரில் மணி நடுராத்திரி ஒன்று, நீ போனில் அழுதுகொண்டே சிரித்தாய். சுவாரெஸும் போய்விட்டான். டொராண்டோவோடு ஐந்தாவது ஆட்டத்தில் அவன் அடித்த கிராண்ட் ஸ்லாமை இந்த ஊர் மறக்காது. இவர்களுக்குப் பதிலாக செயின்ட் லூயிஸிலிருந்து பிரெண்டன் டானவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் அடிக்கமாட்டான், ஆனால் எங்கே நிறுத்தினாலும் நிற்பான், எளிதில் ஸ்ட்ரைக் அவுட் ஆகமாட்டான். போன வருஷம் பேஸில் ஆள் இருக்கும்போது சும்மா ஒரு சிங்கிள் வேண்டிய இடத்தில் எத்தனை தடவை காற்றைச் சுற்றினோம். அதற்கு இவன் நல்ல மருந்து.

கேல் ராலி போன வருஷம் மாதிரி மறுபடியும் 60 ஹோம் ரன் அடிப்பானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிக்கமாட்டான், அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கேட்சர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் அதுவரை 48. இந்த அணியில் பழைய நட்சத்திரம் கிரிஃபியின் 56-ஐ யாராவது தாண்டுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படி ஒரு வருஷம் ஒரு தடவைதான் வரும். 40 அடித்தாலே கும்பிடுவேன். அவன் முழங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கேட்ச் பிடிக்காத நாளிலும் அவனை மட்டையோடு இறக்கி, போன வருஷம் ஓய்வே கொடுக்கவில்லை. மேனேஜர் டான் வில்சன் இதே அணியில் வருஷக்கணக்காக முட்டி போட்டுக் கேட்ச் பிடித்தவர். அவருக்குத் தெரியாததா? இந்த வருஷமாவது வாரத்துக்கு ஒரு நாள் பையனை முழுசாக உட்கார வைக்க வேண்டும்.

இந்த வருஷம் ராலிக்கு இன்னொரு பொறுப்பும் வருகிறது. அம்பயர் சொன்ன பால், ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்துக் கேட்கும் முறை மேஜர் லீகுக்கு வந்துவிட்டது. கிரிக்கெட்டில் டிஆர்எஸ் மாதிரி. ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூன்று பேர்தான் கேட்கலாம், டக்அவுட்டிலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. டக்கோமாவில் நம் கீழ்நிலை அணியின் ட்ரிபிள்-ஏ ஆட்டத்துக்குப் போகும்போது இதைப் பார்த்திருக்கிறேன். பேட்டர் ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டுவான். பெரிய திரையில் ஒரு கட்டம் வரும், பந்து மெதுவாக மிதந்து வந்து அதன் ஓரத்தைத் தொடுகிறதா இல்லையா என்று காட்டும். அந்த இரண்டு மூன்று விநாடி மைதானம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓரத்தில் வரும் பந்தை நைசாக உள்ளே இழுத்துப் பிடித்து ஸ்ட்ரைக் வாங்குவதில் ராலி கெட்டிக்காரன். அதில் கொஞ்சம் இனி போகும். ஆனால் எந்தப் பந்துக்குக் கேட்கலாம், எதை விடலாம் என்று பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிற கேட்சருக்குத்தான் நன்றாகத் தெரியும். நிதானமான கேட்சர் இருக்கிற அணிக்கு இது லாபம். எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு வாய்ப்பைக் கையில் வைத்திருக்க அவனுக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நம் டிவிஷனில் இருக்கும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை எல்லோரும் கழித்துக் கட்டுகிறார்கள், நான் கட்டமாட்டேன். சாக்ரமென்டோ பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் ஏ'ஸ் பையன்கள் அடிக்கிற அடி பயமுறுத்துகிறது, பிட்சர்கள் மட்டும் அவர்களுக்குச் சரியாக அமைந்துவிட்டால் செப்டம்பரில் தலைவலிதான். இன்னொன்று, கிராஃபோர்ட், அரோசரேனா இரண்டு பேருக்கும் இது ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். கிராஃபோர்ட் 2019-லிருந்து இங்கே இருக்கிறான், அணி தோற்றுக்கொண்டே இருந்த காலத்திலிருந்து. அவன் இடத்துக்குக் கோல்ட் எமர்சன் என்ற சின்னப் பையன் தயாராகிக்கொண்டிருக்கிறான், நல்ல கை, நல்ல கண். ஆனால் கிராஃபோர்ட் இங்கே இருக்கும்போதே அந்த வேர்ல்ட் சீரிஸ் வர வேண்டும். அந்த ஆசை எனக்கு ரொம்ப இருக்கிறது.

என் கணக்கு இது. 94 வெற்றி, டிவிஷன் நமக்கு. அக்டோபரில் மறுபடியும் டொராண்டோ எதிரே வரும். அவர்களும் சும்மா இல்லை, பிட்சர் டிலன் சீஸை வாங்கியிருக்கிறார்கள். வரட்டும். இந்தத் தடவை நாம் ஜெயிப்போம் என்று நான் மனதார நம்புகிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று. ஏழாவது ஆட்டம் முடிந்த ராத்திரி அவர் உன் முன்னால் சத்தமே போடவில்லை, டிவியை அணைத்துவிட்டு உனக்கு டீ போட்டுக் கொடுத்தார் என்று நீதான் சொன்னாய். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர், ப்ளூ ஜேஸ் அவருக்குச் சொந்த அணி. 1993-க்குப் பிறகு கிடைக்கப்போகிறது என்று நினைத்திருந்த வேர்ல்ட் சீரிஸ் கோப்பை நவம்பர் 1-ஆம் தேதி ராத்திரி இரண்டு அவுட் தூரத்தில் கைவிட்டுப் போனது. 11 இன்னிங்ஸ் ஆடித் தோற்றார்கள். அன்றைக்கு நான் அவருக்குத்தான் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம், "அன்ரி, இப்ப உங்கட வலி விளங்குது" என்றார். அவரே இந்த வருஷம் பார்க்கத் தயாராகிவிட்டார், சம்பந்தி அம்மாவும் தயார். நீ மட்டும் ஒரே வீட்டில் தனியாக அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாயா?

முதல் ஆட்டம் மார்ச் 26, இங்கே, கிளீவ்லாண்டோடு. அப்பாவும் நானும் போகிறோம். உனக்கு இரவு நேரம் ஆகும், முழுசாகப் பார்க்க வேண்டாம், முதல் மூன்று இன்னிங்ஸ் பார். இன்னொரு சேதி, இந்த வருஷம் நம் பழைய பிட்சர் ராண்டி ஜான்சனின் சட்டை எண்ணுக்கும் ஓய்வு கொடுக்கிறார்கள், இனி யாரும் அதை அணிய முடியாது. இச்சிரோவுக்குப் போன ஆகஸ்டில் கொடுத்த அதே 51. உன் 51 சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்.

ஏனென்றால் நீ வரப்போகிறாய். ப்ளூ ஜேஸ் இங்கே ஆட வரும்போது வான்கூவரிலிருந்து எல்லை தாண்டி அவர்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள், பாதி மைதானம் நீலமாகிவிடும், நம் ஊரிலேயே நம் சத்தம் கேட்காது. அன்றைக்கு நம் பக்கம் ஒரு தொண்டை கூடுதலாக வேண்டும். மாப்பிள்ளைக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்டு இந்த வாரமே சொல். டிக்கெட்டை நான் எடுக்கிறேன், மூன்றாவது பேஸ் பக்கம், நாலு சீட். அவர் தன் நீலச் சட்டையிலேயே வரட்டும், அப்பா பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். ரசப்பொடி, வத்தல் எல்லாம் அப்போது கையோடு கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா